கோடைக்கு வீட்டில் என்ன கலக்கி வைப்பது: நன்னாரியா, பானகமா, எலுமிச்சையா, மோரா?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கோடை முழுக்கத் தினமும் என்ன கலக்கி வைப்பது? பாளையங்கோட்டையில் மார்ச் கடைசியிலேயே பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அக்னி நட்சத்திரம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தால் தாகத்துக்குக் கடைப் பாட்டில்தான் வரும்.

வீட்டில் ஆறு பேர். மாமாவுக்கு 71 வயது. சுகரும் பிரஷரும் உண்டு. அத்தைக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, ஆனால் வெயில் காலத்தில் சாப்பாடு இறங்காது. என் கணவர் கட்டட வேலையைக் கூடவே நின்று கவனிப்பவர், காலை எட்டு மணியிலிருந்து வெயிலில்தான் இருப்பார். மகன் எட்டாவது, லீவு விட்டால் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். மகளுக்கு 4 வயது. நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். காலைச் சமையலுக்கு நடுவே பானத்துக்கு என்று எனக்குக் கிடைப்பது 15 நிமிடம்.

பல வருஷம் எல்லோருக்கும் ஒரே பானம் என்றுதான் செய்துவந்தேன். ஒரு சித்திரையில் மாமாவின் சுகர் அளவு திடீரென்று ஏறியது. சாப்பாட்டில் எதுவும் மாறவில்லை, மாத்திரையும் தவறவில்லை. யோசித்துப் பார்த்தால், "உடம்புக்குக் குளிர்ச்சி, வீட்டில் செய்தது" என்று நான்தான் தினமும் இரண்டு டம்ளர் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பானத்தையும் தராசு வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். நான்கைந்து கோடைகளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சீனிக் கணக்கு

எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்றுதான் பெயர், அப்படியே எழுதுகிறேன். ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். இந்தக் கணக்கில் தேனும் சேரும். பிழிந்த பழச்சாற்றில் இருக்கும் இனிப்பும் சேரும். முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் சேராது.

கடையில் விற்கும் இனிப்புச் சோடாக்களில் 100 மில்லிக்குச் சுமார் 10, 11 கிராம் சீனி. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 26 கிராம் அளவுக்கு உள்ளே போய்விடும். இதைப் பார்த்துத்தான் நாம் வீட்டுப் பானத்துக்கு மாறுகிறோம். ஆனால் நம் கையால் கலந்ததாலேயே அதில் சீனி குறைந்துவிடாது. நன்னாரியைப் பற்றிச் சொல்லும்போது இது புரியும்.

நன்னாரி சர்பத்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நன்னாரி வேர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஈர்க்குச்சியைவிடச் சற்றுத் தடித்த, பழுப்பு நிறமான, முறுக்கிக்கொண்ட வேர். வாங்கப் போகும்போது அத்தை சொல்லி அனுப்புவார்: "ஏளா, ஒரு வேரைக் கிள்ளி மோந்து பாரு. மணம் மூக்குல ஏறலைன்னா வச்சிட்டு வந்துரு." இதைவிட நல்ல சோதனை கிடையாது. பழைய வேரில் மண் வாடை மட்டும்தான் இருக்கும். நன்னாரி என்று சொல்லிச் சில இடங்களில் மாகாளிக் கிழங்கை நறுக்கிக் காயவைத்துக் கலந்தும் விடுகிறார்கள். இரண்டுக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள் என்பதால் மோந்து பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. மாகாளி தடித்த, சதைப்பற்றான கிழங்கு. நறுக்கிய துண்டுகள் பட்டையாக இருக்கும். நன்னாரி மெலிந்து, நீண்டு, கம்பி போல இருக்கும். அந்த மணப்பொருளிலும் வெனிலாவின் மணப்பொருளிலும் இருப்பவை அதே அணுக்கள்தான், அடுக்கு மட்டும் வேறு. நல்ல நன்னாரியை மோந்தால் மழை பெய்த மண்ணும் வெனிலாவும் சேர்ந்தாற்போல இருப்பது அதனால்தான்.

100 கிராம் வேரை மூன்று தண்ணீரில் கழுவி, உரலில் லேசாகத் தட்டினால் மேல்தோல் பிளந்து தனியே வரும். உள்ளே வெள்ளையாக ஒரு நரம்பு இருக்கும், அதை எறிந்துவிட வேண்டும். மணமெல்லாம் தோலில்தான். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, தோலைப் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும், சர்பத்தில் மணம் குறைந்துபோகும். காலையில் லேசாகச் சூடாக்கி, துணியில் வடிகட்டினால் ஒரு லிட்டர் சாறு கிடைக்கும். அதில் 2 கிலோ சீனியைப் போட்டுக் கரையும் அளவுக்கு மட்டும் காய்ச்சி, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டு இறக்க வேண்டும். சாறு விட்டால் பாட்டிலின் அடியில் சீனி கற்கண்டு போல உறையாது.

ஒரு லிட்டருக்கு 2 கிலோவா என்று மலைப்பாக இருக்கும். முதல் முறை நானும் மலைத்துப்போய் அரைக் கிலோதான் போட்டேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்கி, கள் வாடை அடித்தது. மொத்தத்தையும் கொட்டினேன். சர்பத்தில் சீனி இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. கெடாமல் காப்பதும் அதுதான். மொத்த எடையில் நூற்றுக்கு 65 பங்கு சீனி இருந்தால்தான் ஈஸ்ட்டுக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் அது வளராது. அரைக் கிலோவில் எனக்கு வந்தது 33 பங்கு. ஒன்றுக்கு இரண்டு என்றால் 66 வருகிறது. அப்படிச் செய்து, ஈரமே இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தது பங்குனியிலிருந்து ஆனி வரை எனக்குக் கெட்டதே இல்லை.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு 30 மில்லி சர்பத் ஊற்றுகிறோம். அது சுமார் 40 கிராம் எடை. அதில் 26 கிராம் சீனி. கடைச் சோடாவும் அதே 26. மாமாவுக்கு நான் கொடுத்த இரண்டு டம்ளரில் 52 கிராம். கெடாத சர்பத் என்றால் அது சீனிப் பாகுதான். குறைத்துப் போட்டு நீண்ட நாள் வைக்க வழி கிடையாது.

ஆக, நன்னாரி விருந்தாளிக்கும் பண்டிகைக்கும். ஒரு முறை செய்தால் எழுபது டம்ளருக்கு மேல் வரும். வெயிலில் வீடு தேடி வந்தவருக்கு இரண்டு நிமிடத்தில் சர்பத்தும் எலுமிச்சையும் சப்ஜா விதையும் கலந்து நீட்ட முடிகிறதே, அந்த வசதி வேறு எதிலும் இல்லை. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் 15 மில்லிதான். தினமும் நன்னாரி மணம் வேண்டும் என்பவர்கள் ஊறவைத்த சாற்றைச் சீனி சேர்க்காமல் ஐஸ் தட்டில் உறையவைத்து, ஒரு கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். மாமாவுக்கு இப்போது அப்படித்தான். முதல் வாரம் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டது.

கடைச் சர்பத் வாங்குவதானால் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வீட்டில் செய்த நன்னாரி சர்பத் வெளிர்ந்த தேநீர் நிறத்தில்தான் இருக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் அது சேர்த்த நிறம்.

பானகம்

எங்கள் பக்கத்தில் பானக்காரம் என்றும் சொல்வார்கள். ராமநவமிக்கும் கோவில் கொடைக்கும் பெரிய அண்டாவில் கலக்குவது. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க நிற்கும் கூட்டத்துக்கு மோரும் பானகமும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வெயிலில் மணிக்கணக்காக நிற்பவர்களுக்கு இனிப்பும் புளிப்பும் துளி உப்பும் சுக்கும் தண்ணீரும் ஒரே டம்ளரில் கொடுப்பது நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு.

ஒரு லிட்டருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி, 100 கிராம் கருப்பட்டி அல்லது மண்டை வெல்லம், அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, மூன்று ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பே வேண்டாம். கருப்பட்டி என்றால் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, வண்டல் அடியில் தங்கியதும் வடிகட்டுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் ஏலக்காய்கூட வேண்டாம், அதன் மணமே போதும். வெல்லம் வாங்கினால் பளபளவென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, கருத்த வெல்லமாகப் பார்த்து எடுங்கள். அந்தப் பளபளப்பு ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம்.

நன்னாரியோடு ஒப்பிட்டால், 200 மில்லி டம்ளருக்கு வெல்லம் 20 கிராமுக்குள் அடங்குகிறது. சுவையைக் கெடுக்காமல் 70 கிராம் வரைக்கும்கூட இறங்கலாம், ஏனென்றால் இதை வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை. அன்றே கலந்து அன்றே முடிகிறது. குறையும் அதுதான். காலையில் கலந்தால் சாயங்காலத்துக்குள் தீர வேண்டும், வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "வெல்லம்தானே, கருப்பட்டிதானே, சுகர்காரர்கள் குடிக்கலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். கொஞ்சம் தாது உப்புகள் கூட இருப்பதால் ரத்தத்தில் ஏறாமல் போகாது. தேனும் அப்படியே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையுமே கொடுக்கக் கூடாது.

என் வீட்டில் பானகம் மகனுக்கு, விளையாடிவிட்டு வந்ததும் ஒரு டம்ளர். அத்தைக்கும் சாப்பாடு இறங்காத நாளில் இது நன்றாக ஒத்துக்கொள்கிறது.

எலுமிச்சையும் புதினாவும்

தினசரிப் பானம் என்று பார்த்தால் மோரோடு போட்டி போடுவது எலுமிச்சைதான். இனிப்பு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. தட்டையாக ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 4 கிராம். இரண்டு டீஸ்பூன் போட்டாலும் 8தான். உப்பு மட்டும் போட்டால் பூஜ்யம். நேரமும் அதிகம் பிடிக்காது.

தோல் மெலிந்து, வழவழப்பாக, கையில் கனமாக இருக்கும் பழத்தை எடுங்கள். நறுக்குவதற்கு முன்னால் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு கூட வரும். விதையோடு நசுக்கிப் பிழிந்தாலும், கடைசிச் சொட்டு வரை தோலை முறுக்கினாலும் கசப்பு இறங்கும். மிக்ஸியில் தோலோடு அடிக்கும் ஜூஸ் முதல் வாய்க்குத்தான் நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் கசந்துவிடும்.

புதினாவை நான் அரைப்பதில்லை. அரைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்து, புல் வாடை வருகிறது. இலைகளை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டி அப்படியே ஜக்கில் போட்டால் போதும். மணம் முழுக்க இறங்கும், நிறமும் மாறாது. அதற்கு முன் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசிவிடுங்கள், மண்ணும் சின்னப் பூச்சிகளும் அடியில் தங்கிவிடும். இஞ்சிச் சாறு சேர்ப்பதாக இருந்தால் பிழிந்த சாற்றை ஒரு கிண்ணத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றினால் தொண்டையைக் கரகரக்கவைக்காது.

எலுமிச்சையின் ஒரே சிக்கல் விலை. மிகவும் வேண்டிய நேரத்தில்தான் ஏறும். 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனது பலருக்கு நினைவிருக்கும். எலுமிச்சை நகரம் என்று பெயர் பெற்ற புளியங்குடி எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அந்த மாதம் எங்கள் வீட்டில் பழத்தை எண்ணித்தான் பிழிந்தோம். அதற்குப் பிறகு, மழைக்காலத்தில் விலை இறங்கும்போது ஒரு கிலோ வாங்கிப் பிழிந்து, ஐஸ் தட்டில் உறையவைத்து, கட்டிகளைப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். புதிதாகப் பிழிந்த மணம் கொஞ்சம் குறையும். உப்புச் சீனிப் பானத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவு வேறு. வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கச் சொல்லிக் கொடுப்பார்களே: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. அதே அளவில் ஒரு எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறேன். வேர்வையில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே போகின்றன. என் கணவர் குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்தும் சாயங்காலம் தலைவலியோடும் கால் குடைச்சலோடும் வருகிறாரே என்று பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன். இந்தக் கலவையைக் கொடுத்தனுப்ப ஆரம்பித்த பிறகு அது குறைந்துவிட்டது. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். டீஸ்பூனை கத்தியால் வழித்துத் தட்டையாக்கி அளங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டுக் கலவையோடு நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருந்துக் கடையிலோ ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிக் கலக்குங்கள். அதில் பொட்டாசியம் உப்பும் இருக்கிறது, நம் டப்பாவில் அது கிடையாது.

பழச்சாறுகள்

இங்கே நான் சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் என் முடிவு எளிது: பழத்தைப் பழமாகவே கொடுங்கள். தர்பூசணியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். துண்டு போட்டு, மேலே மிளகும் உப்பும் தூவினால் பிள்ளைகள் இரண்டு துண்டில் வயிறு நிறைந்துவிடுவார்கள். அதையே அடித்து வடிகட்டினால் நான்கு துண்டின் இனிப்பு ஒரே மடக்கில் இறங்கும், சக்கை மிக்ஸியில் தங்கிவிடும். பல் இல்லாதவர்களுக்கு அடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால் வடிகட்டாமல் கொடுங்கள், சீனி வேண்டவே வேண்டாம்.

விதிவிலக்காக இரண்டைச் சொல்வேன். ஒன்று மாங்காய். கிளிமூக்கு மாங்காயை ஆவியில் வேகவைத்து, சதையை மசித்து, வெல்லமும் வறுத்த சீரகப் பொடியும் உப்பும் கலந்து தண்ணீர் ஊற்றுவது. வடக்கே இதுதான் கோடைக்கு முதல் பானம், நம் நாக்குக்கும் நன்றாகப் பொருந்துகிறது. மசித்த சதை ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் நிற்கும் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. மற்றது பெருநெல்லிக்காய். இரண்டு நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, உப்பு. அரைத்து வடிகட்டி மோரில் கலந்துவிடுங்கள். சூடு படாததால் வைட்டமின் சி வீணாகாது. இனிப்பே இல்லை. மாமா காலையில் கேட்டு வாங்கிக் குடிப்பது இது ஒன்றைத்தான்.

இளநீரை வீட்டில் செய்ய முடியாது, வாங்கத்தான் வேண்டும் என்றாலும் ஒரு எச்சரிக்கை: அதில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மோர்

ஒரு பங்கு தயிர், நான்கு பங்கு தண்ணீர். கடைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி நான்கையும் உப்போடு சேர்த்து உரலில் நசுக்கிப் போட்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. பத்து நிமிடம்கூட ஆகாது. மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவு. சேர்க்கும் சீனி இல்லை. தாகமும் தீரும், கொஞ்சம் பசியும் அடங்கும். சாப்பாடு இறங்காத அத்தைக்கும் சுகர் உள்ள மாமாவுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றலாம்.

மாமாவுக்குப் பிரஷர் இருப்பதால் உப்பை மட்டும் கவனிக்கிறேன். உப்பு போடுவதற்கு முன்பே அவருக்கு உரியதைத் தனியாக எடுத்துவிட்டு, அதில் கறிவேப்பிலையும் இஞ்சியும் கூடுதலாக நசுக்கிப் போடுவேன். காரமும் மணமும் ஏறினால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரிவதில்லை.

மோர் தோற்கும் இடம் ஒன்றுதான்: அது பயணம் செய்யாது. கணவருக்குச் சாதாரணப் பாட்டிலில் கொடுத்தனுப்பிய நாட்களில் பகல் பன்னிரண்டுக்குள் புளித்து, கட்டி கட்டியாகத் திரிந்துவிட்டது என்றார். நல்ல ஃப்ளாஸ்க்கில் ஐஸ் போட்டு அனுப்பினால் பதினொரு மணி வரைக்கும் தாங்குகிறது. அதற்குப் பிந்தி என்றால் எலுமிச்சை உப்புத் தண்ணீர்தான் சரி.

வேரும் பூவும் போட்ட தண்ணீர்

நிறையப் பேர் கணக்கிலேயே எடுக்காத ஒன்று இது. கடலூர்ப் பக்கம் விளையும் வெட்டிவேரை ஒரு பிடி வாங்கி, நன்றாக அலசி, துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்தால் இரண்டு மூன்று தடவை பயன்படும். சீனி இல்லை, உப்பு இல்லை, வேலையும் இல்லை. வெறும் தண்ணீர் குடிக்கச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடும் வயதானவர்கள் வெட்டிவேர்த் தண்ணீரைத் தேடி வந்து மொண்டு குடிக்கிறார்கள். பானையும் காற்று படும் இடத்தில் இருக்கட்டும். பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. வறண்ட காற்று வீசும் எங்கள் ஊரில் நன்றாகக் குளிரும், கடலோர ஊர்ப் புழுக்கத்தில் அந்த அளவுக்குக் குளிராது.

மகளுக்காக வேலியில் சங்குப்பூ வளர்க்கிறோம். ஐந்தாறு பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் நீலம் இறங்கும். ஆறியதும் எலுமிச்சைச் சாற்றை அவள் கையாலேயே சொட்டவிடச் சொல்வேன். நீலம் கண்ணெதிரே ஊதாவாக மாறும். அந்த ஒரு வேடிக்கைக்காகவே ஒரு டம்ளரைக் காலி செய்துவிடுவாள், ஒரு டீஸ்பூன் சீனிக்கு மேல் கேட்டதில்லை. சப்ஜா விதை போட்டுத் தருவதானால் கால் மணி நேரம் ஊறி முழுக்கப் பொங்கிய பிறகுதான். உலர்ந்த விதை சின்னக் குழந்தையின் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

பாத்திரமும் ஐஸும்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இவை பொது. புளிப்புள்ள எதையும் ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ, அலுமினியத்திலோ வைக்காதீர்கள். எவர்சில்வர், கண்ணாடி, மண் மூன்றில் ஒன்று. வெளியில் விற்கும் கட்டி ஐஸ் மீனுக்கும் போகிறது, சர்பத்துக்கும் வருகிறது, எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் வீட்டிலேயே உறையவைத்துக்கொள்ளுங்கள். மோரையும் பழச்சாற்றையும் இந்த வெயிலில் ஃப்ளாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது.

இன்னொன்று. வெயிலில் இருந்து வந்தவர் பேச்சுக் குழறினால், தலை சுற்றி நினைவு தடுமாறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், டம்ளரை எடுக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

என் ஏற்பாடு

காலை ஆறேகாலுக்கு மோர் கடைகிறேன். மாமாவுக்கு நெல்லிக்காய் அரைத்து ஒரு டம்ளர். மிச்சம் ஜாடியில், ஃபிரிட்ஜில். கணவரின் ஃப்ளாஸ்க்கில் அரை லிட்டர் மோர், இரண்டு லிட்டர் கேனில் எலுமிச்சை உப்புச் சீனித் தண்ணீர். இத்தனையும் 15 நிமிடத்துக்குள் முடிகிறது. வெட்டிவேர்ப் பானை அத்தை பொறுப்பு. பானகம் வாரத்தில் இரண்டு நாள், மகன் விளையாடப் போகிற நாட்களில். நன்னாரி அலமாரியில் இருக்கும், வருகிறவர்களுக்கு.

உங்கள் வீட்டில் வெயிலில் வேலைக்குப் போகிறவர் இல்லை, எல்லோரும் வீட்டுக்குள்தான் என்றால் எலுமிச்சைக் கேனே வேண்டாம். மோரும் வெட்டிவேர்த் தண்ணீரும் போதும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் என்றால் மோர் கடைய நேரமிருக்காது. உறையவைத்த எலுமிச்சைக் கட்டிகளும் ஒரு டப்பா உப்பும் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்துகொண்டே இருக்கும் வீடு என்றால் நன்னாரி இல்லாமல் முடியாது. வேர் வாங்க இதுதான் சமயம். சித்திரைக்குப் பிறகு போனால் கடையில் புது வேர் தீர்ந்து, மணம் போன சரக்குதான் இருக்கும்.

உறையவைக்க எலுமிச்சை வாங்குவதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். அது மழைக்காலத்தில்.